நிற்கக் கூடாத எஞ்சின்

லவுஸ்ட் தன் முதல் எஞ்சினைக் கொன்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சம்மட்டியால் அடித்தார். விட்கிளிட் என்ற மீனவ ஊரின் கரையில், பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வாரம்தான் அவருடைய அண்ணன் பேடர் அதே கரையில் செத்திருந்தான்.

விட்கிளிட்டில் துறைமுகம் கிடையாது. படகை மணலில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். கரைக்கு முன்னால் கடலுக்குள் மூன்று மணல்திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. மேற்குக் காற்று அடித்தால் மூன்றிலும் அலை உடையும். உடைகிற அலையோடு ஓடி, மூன்றையும் தாண்டி, முழு வேகத்தில் மூக்கை மணலில் குத்த வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை புரட்டும். புரண்ட படகிலிருந்து அநேகமாக யாரும் நடந்து வருவதில்லை.

பேடரின் படகில் அப்போதுதான் ஒரு நிறுத்துப்பெட்டி பொருத்தியிருந்தார்கள். ஆயில் அழுத்தம் குறைந்தால் அது எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும். ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் உருகும், கிராங்க் என்ற சுழல்தண்டு கடித்துக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். அதனால் பெட்டி. நல்ல யோசனைதான். இரண்டாவது திட்டில் அலை உடைந்து பின்னுக்கு இழுத்தபோது படகின் மூக்கு மேலே தூக்கியது. தொட்டியிலிருந்த ஆயில் பின்பக்கம் ஓடியது. முன்பக்கமிருந்த உறிஞ்சுகுழாய்க்குக் காற்றுதான் கிடைத்தது. அழுத்தம் விழுந்தது. மூக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தால் ஆயில் திரும்பி வந்திருக்கும். பெட்டிக்குப் பொறுக்கத் தெரியாது. நிறுத்தியது.

படகு புரண்டு, அதன் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவே பேடரின் கழுத்து அகப்பட்டது. அதே படகில் இருந்த லவுஸ்ட் இடது காது தொங்க வெளியே வந்தார்.

கடல் அடங்கியதும் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள். நல்ல தண்ணீரில் கழுவி, புது ஆயில் ஊற்றி, சுழற்றினால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மெக்கானிக் பேரிங்கைத் திறந்து பார்த்து, ஒரு கீறல்கூட இல்லை, நல்லவேளை எஞ்சின் தப்பித்தது என்று சொன்னான். சந்தோஷமாகச் சொன்னான். லவுஸ்ட் அவன் வாயில் குத்தினார். இரண்டு பல் மணலில் விழுந்தது. பிறகு போய்ச் சம்மட்டி எடுத்து வந்தார்.

வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அன்று சாயங்காலம்வரை உடைத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை. துண்டுகளை மணல் மூடியது. பெரிய புயலுக்குப் பிறகு இன்றைக்கும் ஒன்றிரண்டு வெளியே தலைகாட்டும். விட்கிளிட் குழந்தைகள் வெறுங்காலோடு அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

லவுஸ்டின் மகள் தக்னி அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. அவள் பாதத்தில் அந்த எஞ்சின் கிழித்த தழும்பு உண்டு.

அதற்குப் பிறகு லவுஸ்டுக்கு ஒரே சட்டம். “எஞ்சின் சாகலாம். நிக்கக் கூடாது.” சாப்பிடும்போது சொல்வார். திருமணங்களில் குடித்துவிட்டுச் சொல்வார். பரிசோதனைக்கு வந்த ஒரு அதிகாரியின் சட்டையைப் பிடித்துப் படகின் பக்கவாட்டில் சாத்தி வைத்துச் சொன்னார்.

அதற்காக எஞ்சினைக் கவனிக்காதவர் இல்லை. ஊரிலேயே அவரைப் போல எஞ்சின் பார்த்தவர் கிடையாது. எஞ்சின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு பொருத்தி வைத்திருந்தார். திட்டுகளைத் தாண்டும்போது சுக்கானை மச்சினன் கிறெஸ்டனிடம் கொடுத்துவிட்டு, எஞ்சின் குழிக்குள் இறங்கி, ஆயில் தொட்டியின் அடியிலிருந்து பம்பால் இழுத்துப் பேரிங்குகளுக்குத் தள்ளுவார். மூக்கு தூக்கும், ஆயில் ஓடும், அழுத்தமானியின் முள் விழும். பம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். வலது தோள் இடது தோளைவிடப் பருத்திருந்தது அதனால்தான்.

இன்னொன்றும் செய்தார். மணலில் ஏற்றிய படகு மூக்கைத் தூக்கிச் சாய்ந்துதான் நிற்கும். ஆயில் பின்னால் தேங்கும். அவருடைய பழைய எஞ்சினில் ஆயில் பார்க்கும் குச்சி பின்பக்கம் இருந்தது. அதனால் கரையில் வைத்துப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பினால் கடலில் ஆயில் போதாது. லவுஸ்ட் குச்சியில் கம்பெனி போட்டிருந்த அளவுக் கோட்டுக்கு மேலே நான்கு விரல் தள்ளி அரத்தால் இன்னொரு வெட்டுப் போட்டார். கரையில் நிற்கும்போது ஆயில் அந்த வெட்டைத் தொட வேண்டும். அப்போதுதான் கடலில் சரியாக இருக்கும். பிறகு கரையிலிருந்த எல்லாப் படகுக்காரர்களும் குச்சியைக் கொண்டுவந்து அவரிடம் வெட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு லவுஸ்ட் வெட்டு என்றே பேர். பாதிரியார் சொல்வதைவிட அதை நம்பினார்கள்.

வீட்டில் அவர் யார்மீதும் கை வைத்ததில்லை. கதவுகளை உடைப்பார். மனைவி தோரா, தக்னிக்குப் பன்னிரண்டு வயதானபோது ஆல்போர்க் நகரத்துக்குப் போய்விட்டாள். கேட்டவர்களிடம் அவள் சொன்ன காரணம் ஊரில் வெகுநாள் ஓடியது. “கதவை உடைக்கிறவனோட இருந்துடலாம். உடைஞ்ச கதவோட மேற்குக் காத்துல இருக்க முடியாது.” தக்னி அப்பாவோடு இருந்துகொண்டாள். கரையில் படகுகளை இழுக்கும் புல்டோசரை ஓட்டக் கற்றாள். பிறகு ஆல்போர்க்கில் கப்பல் எஞ்சின் படித்து, பயணிகள் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள்.

லவுஸ்டின் கிர்ஸ்டினே என்ற படகுக்குப் புது எஞ்சின் வாங்க வேண்டி வந்தபோது சண்டை தொடங்கியது. பக்கத்துப் படகுக்காரன் ஆக்ஸலும் அதே எஞ்சினை வாங்கினான். இரண்டு எஞ்சினிலும் நிறுத்துப்பெட்டி கட்டாயம், இல்லையென்றால் கடலுக்குப் போக அனுமதி இல்லை.

தக்னி விடுமுறையில் வந்திருந்தாள். படகில், திறந்த எஞ்சின் குழியின் மேல் நின்று இருவரும் பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்ல முடியாது.

“அந்தப் பெட்டி என் படகுல ஏறுச்சுன்னா நான் இறங்கிடுவேன்” என்றார் லவுஸ்ட்.

“இறங்கு. பென்ஷன வாங்கிக்கிட்டுப் பூனை வளத்துக்கிட்டு கெட.”

“உன் பெரியப்பன அதுதாண்டி கொன்னுச்சு.”

“பெரியப்பாவ அலை கொன்னுச்சு. பெட்டி அதுக்குக் கதவத் தெறந்து விட்டுச்சு. கதவுக்குத் தாழ்ப்பாள் போடறேன்னுதானேப்பா சொல்றேன். கேளேன்.”

அவர் கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை வீசினார். அவள்மீது அல்ல, சுவரில் வீசியதாகப் பின்னால் சொன்னார். சுவரில் பட்டுத் திரும்பி அவள் புருவத்தைப் பிளந்தது. தக்னி ஒரு கண்ணில் ரத்தத்தோடு குனிந்து அதை எடுத்தாள். அவள் சுவரில் வீசவில்லை. அவருடைய கழுத்தெலும்பு உடைந்தது.

கிறெஸ்டன் மேலிருந்து தலையை நீட்டினார். “அப்பனும் மகளும் முடிச்சிட்டீங்களா? மீன் ஆறுது.”

மீன்குடிசையில் வறுத்த தட்டைமீனும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டார்கள். அவள் புருவத்தில் துணி, அவர் கை தூளிக்கட்டில். பிறகு தக்னி மேசைமேல் எண்ணெய் விரலால் வரைந்து காட்டினாள். சுக்கான் அறையில் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும்வரை பெட்டியால் எஞ்சினை நிறுத்த முடியாது. விட்டுவிட்டால் பெட்டிக்கு உயிர் வந்துவிடும். கடலில் பெட்டி எஞ்சினைக் காக்கும், திட்டில் கம்பி ஆட்களைக் காக்கும். எச்சரிக்கை ஹாரன் மட்டும் எப்போதும் கத்தும்.

லவுஸ்ட் அந்த எண்ணெய்க் கோடுகளை நெடுநேரம் பார்த்தார்.

“ஒரு கையில சுக்கான், ஒரு கையில கம்பி. மூக்கு அரிச்சா?”

“அரிக்கட்டும்.”

அதுதான் அவருடைய சம்மதம். ஆனால் பழைய கைப்பம்பைக் கழற்றி, புது எஞ்சின் பக்கத்தில் தானே பொருத்திக்கொண்டார். உன் கம்பி உனக்கு, என் பம்பு எனக்கு என்று சொன்னதாகக் கிறெஸ்டன் சொன்னார்.

எஞ்சின் பொருத்தியவர்கள் வேறொரு ஊர்த் துறைமுகத்தில், படகு மிதக்கும்போது ஆயில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். வசந்தம் முழுக்க ஒரு குறையும் இல்லை. முதல்முறை ஆயில் மாற்றுகிற வேலையை லவுஸ்ட் கரையிலேயே செய்தார். பழைய குச்சியைப் புதுக் குச்சியோடு சேர்த்து வைத்து, கம்பெனிக் கோட்டுக்கு மேலே அதே நான்கு விரல் தூரத்தில் வெட்டுப் போட்டார். ஆக்ஸலும் தன் குச்சியைக் கொண்டுவந்தான், அதிலும் போட்டார். கிறெஸ்டன் ஆயில் ஊற்றினார். கேன் கேனாகப் போயிற்று. புது எஞ்சின் நல்லாக் குடிக்குதே, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம் என்று கிறெஸ்டன் சிரித்தார். மேல்வெட்டைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

மறுநாள் விடியும்போது கடலுக்குப் போனார்கள். தக்னி அன்று காலைதான் அடுத்த விடுமுறைக்கு வந்திறங்கினாள். வீட்டில் யாருமில்லை. மேசையில் அவளுக்கென்று ஒரு தட்டில் ரொட்டி மூடி வைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனாள்.

வடமேற்குக் காற்று வானிலை அறிக்கை சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மதியத்துக்குள் மூன்று திட்டும் வெள்ளையாகிவிட்டன. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறின. ஆக்ஸல் அன்று கடலுக்குப் போகவில்லை, கரையில் நின்று புல்டோசரின் கம்பிவடக் கொக்கியைப் படகுகளில் மாட்டிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, பெரிய வாய். தக்னி புல்டோசரில் இருந்தாள்.

கிர்ஸ்டினே கடைசியாக வந்தது. முதல் திட்டுக்கு வெளியே எஞ்சின் நின்றது. புகை வந்தது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

“உன் பெட்டி வேலை செய்யுது போலிருக்கே, என்ஜினியரம்மா” என்றான் ஆக்ஸல்.

தக்னி ரேடியோவை எடுத்தாள். கிறெஸ்டனின் குரலுக்குப் பின்னால் ஹாரன் கத்திக்கொண்டிருந்தது. அழுத்தம் விழுகிறது, ஆயில் ஊற்றினோம், மறுபடியும் ஊற்றினோம், இருந்த கேனெல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் கத்துகிறது என்று சொன்னார். நங்கூரம் போட்டால் அந்த மணலில் பிடிக்காது. மீட்புப் படகு வருவதற்குள் காற்று அவர்களை எஞ்சின் இல்லாமலே திட்டில் கொண்டுபோய்ப் போடும். எல்லாருக்கும் இது தெரியும்.

பிறகு அப்பாவின் குரல்.

“தக்னி. கம்பிய இழுத்துக் கயித்தால கட்டிட்டோம். நான் பம்புக்குப் போறேன். நீ கயித்தத் தயாரா வச்சுக்க.”

“கீழ போகாதப்பா. ராடு போச்சுன்னா உன் மேலதான் வரும்.”

“எஞ்சின் சாகலாம்.”

“நீயுமா?”

அதற்குள் ரேடியோவை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

முதல் திட்டை முழு வேகத்தில் தாண்டினார்கள். படகு அலையின் முதுகில் ஏறி, மூக்குச் செங்குத்தாகத் தூக்கி, தொப்பென்று விழுந்தது. சுக்கான் அறைக் கண்ணாடி உடைந்தது தெரிந்தது. இரண்டாவது திட்டில் பின்னாலிருந்து வந்த அலை படகின் பின்பாதியை முழுதாக விழுங்கியது. புகைக்குழாய் மட்டும் வெளியே நின்றது. புகை வந்துகொண்டிருந்தது. தக்னி புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேடர் செத்த இடம் அது. புகை நிற்கவில்லை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சத்தம் மாறியது. காற்றையும் அலையையும் புல்டோசரையும் மீறி அவளுக்குக் கேட்டது. உள்ளே யாரோ இரும்புக் கதவைத் தட்டுவது போல. முதலில் மெல்ல. பிறகு உடைக்கிற மாதிரி. இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மூன்றாவது திட்டின் மேல் படகு ஏறியது. இறங்கியது. அப்போதுதான் வெடித்தது.

நின்றுவிட்ட படகைக் கடைசி அலை தூக்கி மணலில் எறிந்தது. குறுக்கே திரும்பத் தொடங்கியது. ஆக்ஸல் கொக்கியோடு அக்குள்வரை தண்ணீரில் ஓடினான். அலை அவனை எடுத்துப் படகின் மூக்கில் அடித்தது. விலா உடைந்தது. கொக்கியை விடவில்லை. மாட்டிவிட்டுத்தான் விழுந்தான். தக்னி இழுத்தாள். கம்பிவடம் கத்தியது. படகு மூக்கைத் திருப்பி, தயங்கி, மணலை உழுதுகொண்டு மேலே வந்தது.

கிறெஸ்டனின் முழங்கை பின்பக்கம் மடங்கியிருந்தது. அவர் மற்றக் கையால் குழியைக் காட்டினார்.

குழியில் ஆவியும் எண்ணெய்ப் புகையும் நிறைந்திருந்தன. எஞ்சினின் பக்கவாட்டில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து, எஞ்சின் சுவரைப் பிளந்து வெளியே வந்திருந்தது. அதோடு வந்த ஒரு துண்டு லவுஸ்டின் விலாவுக்குக் கீழே புகுந்து முதுகில் நின்றிருந்தது. வலது கை பம்புப் பிடியில் இருந்தது. தக்னி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஓட்டையிலிருந்து அவர் மடியில் வழிந்துகொண்டிருந்தது ஆயில் இல்லை. நுரை. பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று நுரை. அதையும் அவள் கண் பார்த்துக்கொண்டது. பார்க்காமல் இருக்க அதற்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்கு முன் அவள் தூங்கவில்லை. எஞ்சினை இறக்கி, கொட்டகையில் வைத்துப் பிரித்தாள். கழுவும்போது இரும்பிலிருந்து வந்த சிவப்பு எல்லாம் துரு இல்லை. கழுவினாள். தோரா ஆல்போர்க்கிலிருந்து வந்து வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தோரா அவ்வப்போது காப்பி ஊற்றி வைத்தாள்.

பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உருகியிருந்தன. ஆனால் தொட்டியில் ஆயில் குறைவாக இல்லை. உடைந்து கொட்டியதுபோக மிச்சமே இருக்க வேண்டியதைத் தாண்டியிருந்தது. தக்னி குச்சியை எடுத்தாள். கம்பெனிக் கோட்டுக்கு மேலே அப்பாவின் வெட்டு. சுத்தமான வெட்டு, நேராக, மூன்று இழுப்பில் போட்டது. குச்சியை எஞ்சினில் அதற்கான துளையில் செருகினாள். அந்தத் துளை முன்பக்கம் இருந்தது.

பழைய எஞ்சினில் குச்சி பின்பக்கம். இதில் முன்பக்கம். படகு மூக்குத் தூக்கிக் கரையில் நிற்கும்போது, பின்னால் உள்ள குச்சி அதிகமாகக் காட்டும், முன்னால் உள்ளது குறைவாகக் காட்டும். வெட்டைக் கோட்டுக்குக் கீழே போட்டிருக்க வேண்டும். அவர் மேலே போட்டார். முப்பது வருடமாகக் கை போட்ட இடத்தில் கை போட்டது. அந்த வெட்டுவரை ஊற்றினால், படகு மிதக்கும்போது ஆயில் கிராங்க்கை மூழ்கடிக்கும். சுற்றுகிற கிராங்க் ஆயிலை முட்டை வெள்ளை அடிப்பது போல அடித்து நுரையாக்கும். நுரையை உறிஞ்சினால் எஞ்சினின் சொந்தப் பம்பில் அழுத்தம் நிற்காது. ஹாரன் கத்தும். அழுத்தம் இல்லை என்றுதான் அது கத்தியது. ஆயில் இல்லை என்று இவர்களுக்குக் கேட்டது. இன்னும் ஊற்றினார்கள்.

கைப்பம்பின் குழாயையும் கழற்றிப் பார்த்தாள். அது தொட்டியின் அடிமட்டத்தில், நுரை முழுதாக இறங்காத இடத்தில் முடிந்தது. அதற்குள் நல்ல ஆயில் இருந்தது. மூன்று திட்டுக்கும் அந்த எஞ்சினை ஓட வைத்தது அவருடைய தோள்.

இரண்டும் உண்மை. தக்னி குச்சியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு ஊர்க்கூடத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். ஆண்கள் ஸ்னாப்ஸ் சாராயம் குடித்தார்கள். லவுஸ்ட் யார் யாரை அடித்தார் என்று அடிபட்டவர்களே சொல்லிச் சிரித்தார்கள். பல் போன மெக்கானிக் கிழவன் வாயைத் திறந்து காட்டினான். கடல் அடங்கிக் கண்ணாடியாகக் கிடந்தது. ஆக்ஸல், மார்பில் கட்டோடு, விடிந்தால் கடலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய ஆயிலை மாற்றிவிட்டானாம். லவுஸ்ட் வெட்டுவரை சரியாக ஊற்றிவிட்டானாம். அவன் மகனும் மருமகனும் அவனோடு போகிறவர்கள்.

தக்னி எழுந்து அவன் பக்கத்தில் போனாள். அந்த வெட்டு தப்பு என்று மெதுவாகத்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஆக்ஸல் கோப்பையை வைத்தான். “அவனை மண்ணுல வச்சுட்டு வந்து இன்னும் காப்பி ஆறல. அதுக்குள்ள அவன் வெட்டு தப்புங்கிறியா?”

“தப்புதான்.”

“உன் பெட்டி அவனக் கொன்னுச்சு. இப்ப பழிய அவன் மேலயே போடறே.”

தக்னி கிறெஸ்டனைப் பார்த்தாள். கிறெஸ்டன் மாமா தூளிக்கட்டில் இருந்த கையை அணைத்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றியவர் அவர். அவளுக்கு அவரிடம் ஒன்றும் கேட்க மனம் வரவில்லை. வெளியே நடந்தாள்.

அடக்கத்துக்கு உடுத்திய கறுப்புடையோடு ஆக்ஸலின் படகில் ஏறி, எஞ்சின் குழியைத் திறந்து, குச்சியை உருவிக்கொண்டு இறங்கும்போது ஆக்ஸல் வந்துவிட்டான். பின்னால் ஊர். கொடு என்றான். மாட்டேன் என்றாள். அவன் குச்சியைப் பிடித்து முறுக்கினான். அவள் விடவில்லை. அவன் புறங்கையால் முகத்தில் அறைந்தான். பழைய புருவத் தழும்பு திறந்துகொண்டது. தக்னி முழங்கையை அவன் கட்டின் மேல், உடைந்த விலாவில், முழு பலத்தோடு இறக்கினாள். ஆக்ஸல் வாய் திறந்து சத்தம் வராமல் மணலில் உட்கார்ந்தான். அவன் மகன் முன்னால் வந்தான். தோரா நடுவில் போய் நின்றாள், கையில் இன்னும் காப்பிக் கோப்பை.

“நீ வேறயாடா? உட்காரு” என்றாள். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

ஆக்ஸலுக்கு மூச்சு வரக் கொஞ்ச நேரமாயிற்று. “அவன் பொண்ணேதான்” என்றான்.

“உன் படகத் தண்ணில தள்றேன், ஆக்ஸல். மிதக்கும்போது நீயே குச்சிய விட்டுப் பாரு. நான் சொன்னது பொய்னா என்னை ரெண்டாவது திட்டுல எறக்கி விட்டுட்டு வா.”

தக்னி புல்டோசரில் ஏறினாள். கண்ணில் ரத்தம் இறங்கியது, துடைத்துக்கொண்டு ஓட்டினாள். படகு பின்பக்கமாக அமைதியான தண்ணீரில் இறங்கி, ஆடி, நேரானது. ஆக்ஸலை அவன் மகன் தூக்கி ஏற்றினான். தக்னியும் நனைந்து ஏறினாள். எஞ்சினைத் தொடவில்லை. ஆயில் முன்னும் பின்னும் சமமாகும்வரை மூவரும் குழியைச் சுற்றி நின்றார்கள்.

ஆக்ஸல் குச்சியைத் துடைத்து விட்டான். எடுத்தான். ஆயில் கோட்டில் இல்லை. வெட்டில் இல்லை. வெட்டுக்கும் மேலே, பிடிக்குப் பக்கத்தில் பளபளத்தது. மறுபடி துடைத்தான். மறுபடி விட்டான். அதே இடம். மகனிடம் நீட்டினான், அவன் பார்த்துவிட்டுக் கரையில் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

“எவ்வளவு எடுக்கணும்?” என்றான் ஆக்ஸல்.

வாளி வாளியாக எடுத்தார்கள். கம்பெனிக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். பிறகு படகைக் கரைக்கு இழுத்து, வழக்கமான சாய்வில் நிறுத்தி, குச்சியை விட்டுப் பார்த்து, ஆயில் தொட்ட இடத்தில் தக்னி புது வெட்டுப் போட்டாள். கோட்டுக்குக் கீழே. அவளுக்கு ஐந்து இழுப்பு ஆயிற்று.

அப்புறம் மேல்வெட்டின் மேல் அரத்தை வைத்தாள்.

“அத விட்டுடேன்” என்றான் ஆக்ஸல். “அவன் கையி. இருந்துட்டுப் போகட்டும்.”

“இருந்தா என்னிக்காவது எவனாவது அதுவரைக்கும் ஊத்துவான்.”

தேய்த்தாள். வெட்டு ஆழமாக இருந்தது, லவுஸ்ட் எதையும் மேலோட்டமாகச் செய்தவரில்லை. குச்சியின் பாதிப் பருமன் போனது. கறுப்புடையின் மடியில் இரும்புத்தூள் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

“லவுஸ்ட் இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பான்?”

“மொதல்ல உன்ன அடிச்சிருப்பார். அப்புறம் என்னை. அப்புறம் அரத்தக் கொடுடின்னு வாங்கியிருப்பார்.”

ஆக்ஸல் சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை.

விடிந்ததும் ஆக்ஸலும் மகனும் மருமகனும் கடலுக்குப் போனார்கள். பிற்பகலில் காற்று ஏறியது, பெரிய காற்று இல்லை, திட்டுகள் வெளுக்கிற அளவுக்கு. தக்னி புல்டோசரில் இருந்தாள். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாள் அது. போகவில்லை. ஆக்ஸலின் படகு முதல் திட்டில் மூக்கைத் தூக்கியது. அவள் புகையைப் பார்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. எஞ்சின் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. படகு முழு வேகத்தில் மணலில் வந்து குத்தியது. ஆக்ஸலின் மருமகன் மூக்கிலிருந்து குதித்து, கொக்கியை மாட்டிவிட்டு, கையைத் தூக்கினான்.

தக்னி இழுத்தாள்.